வெட்டுவதற்கு முன்பே கஞ்சி: பேட்ச்வொர்க்குக்கும் தையலுக்கும் துணியைப் பக்குவப்படுத்தும் முறை

நாலு இஞ்ச் சதுரமாக ஒரு மல்மல் துண்டை வெட்டி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். சதுரம் சாய்ந்து டைமண்ட் மாதிரி ஆகிவிடும். கையை விட்ட பிறகும் பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்பாது. அதே துணிக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, அதே அளவில் வெட்டி இழுங்கள். அட்டை மாதிரி அசையாமல் நிற்கும். சின்னத் துண்டுகளை இணைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க்கில் முனைகள் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் தையல் காரணமாக இருப்பதில்லை. வெட்டும்போதும், கையில் எடுக்கும்போதும், மெஷினின் பாதத்துக்கு அடியில் தள்ளும்போதும் துணி நகர்ந்துவிடுவதுதான் காரணம்.

துணியில் பாவு நூல் நீளவாட்டில் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. பாவின் திசையில் இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது. ஊடையின் திசையில் கொஞ்சம் நீளும். இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில், டெய்லர்கள் கிராஸ் என்று சொல்லும் வாட்டத்தில், ஒரு நூலும் இழுப்பைத் தாங்குவதில்லை. நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கொடுத்துவிடுகின்றன. கஞ்சி அந்த நூல்கள் சந்திக்கும் இடங்களில் மெல்லிய பசையாகக் காய்ந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. கைத்தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவது தறியின் உராய்வில் நூல் அறுந்துவிடாமல் இருக்க. இங்கே நாம் போடுவது நூல் நகராமல் இருக்க.

இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுதான்: காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் கஞ்சி அதைப் பூட்டும். நேராக இருந்தால் நேராகப் பூட்டும். கோணலாக இருந்தால் கோணலையும் அதே உறுதியோடு பூட்டும். ஆகவே கத்தரிக்கோல் படுவதற்கு முன், முழுத் துணியாக இருக்கும்போதே கஞ்சி போட வேண்டும். வெட்டிய துண்டுகளுக்குப் போட்டால் ஈரத்தில் அவை சுருங்கும், ஓரம் பிசிறும், முக்கோணங்களின் கிராஸ் பக்கம் அலை அலையாக நிற்கும். அப்படி ஆனதைச் சரிசெய்ய வழியில்லை.

முதலில் அலசுங்கள்

கடையிலிருந்து வரும் புதுத் துணி விறைப்பாக இருக்கிறதே, இதற்கு மேல் கஞ்சி எதற்கு என்று தோன்றலாம். அந்த விறைப்பை நம்பக் கூடாது. மதுரைச் சுங்குடி போன்ற துணிகள் கடைக்கு வரும்போதே கனமான கஞ்சியோடு வருகின்றன. அது எந்த நிலையில் காய்ந்தது என்பது நமக்குத் தெரியாது. துணியும் இன்னும் சுருங்கியிருக்காது. சாதாரணக் காட்டன் முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அதாவது ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. சுருங்காத துணியையும் சுருங்கிய துணியையும் ஒன்றாகத் தைத்தால், முதல் துவைப்பிலேயே தையல் ஓரங்கள் கொசுவிக்கொள்ளும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். கரும்பச்சை, அரக்கு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களைத் தனித்தனியாக அலசி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் திரும்ப அலசுங்கள். மூன்று நாலு முறைக்குப் பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். ஓரம் பிசிறாமல் இருக்க, வெட்டிய இரு முனைகளிலும் அலசுவதற்கு முன் ஒரு நேர்த்தையல் ஓட்டிவிடலாம்.

எந்தக் கஞ்சி?

அளவாகப் போடச் சுலபமானது கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவு. மஞ்சள் மக்காச்சோள மாவு உதவாது. அதில் தானியம் முழுதும் அரைபட்டிருப்பதால் திப்பி நிற்கும். கார்ன்ஃப்ளோர் கஞ்சி காய்ந்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்பதால் வெளிர் நிறங்களுக்குத்தான் ஏற்றது.

அழுத்தமான நிறங்களுக்கு ஜவ்வரிசிதான் நல்லது. சேலம், ஆத்தூர் வட்டார ஆலைகளிலிருந்து வரும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் ஸ்டார்ச். அதன் கஞ்சி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கறுப்புத் துணியில்கூட வெள்ளைப் பூச்சு எளிதில் தெரியாது. காய்ச்ச நேரம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

சோறு வடித்த கஞ்சியும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் கெட்டி நாளுக்கு நாள் மாறும். இன்று ஐந்து துணி, நாளை ஐந்து துணி என்று போடும்போது விறைப்பு ஒரே மாதிரி வராது. பயன்படுத்துவதானால், உப்புப் போடாமல் வடித்ததை எடுத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, சம அளவு தண்ணீர் கலந்து, எல்லாத் துணியையும் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள். உப்பு சேர்ந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துத் துணி தொய்ந்துவிடும்.

மைதா வேண்டாம். அதிலுள்ள புரதம் இழுவையாக ஒட்டும், இஸ்திரிச் சூட்டில் பழுக்கும், பூச்சியையும் கூப்பிடும். பாட்டிலில் வரும் திரவ ஸ்டார்ச் வசதியானதுதான். ஆனால் சிலவற்றில் இருப்பது செயற்கைப் பசை. அப்படியென்றால் கழுவி எடுக்கும் வழியை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சும் அளவும் பக்குவமும்

கார்ன்ஃப்ளோரில் தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 8 கிராம். தெளிப்பதற்கு அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி. முக்கி எடுக்க, நடுத்தர விறைப்புக்கு ஒரு லிட்டருக்கு நாலு கரண்டி. காகிதம் போல நிற்க வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு கரண்டி. ஒரு லிட்டர் கஞ்சி மூன்று மீட்டர் பாப்ளினுக்குத் தாராளமாகப் போதும்.

மாவை முதலில் 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதித் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் கரைசலை ஊற்றுங்கள். பாலாக இருந்தது இரண்டு மூன்று நிமிடத்தில் லேசாகக் கெட்டிப்பட்டு, வெளுப்புக் குறைந்து, பளபளப்பாகும். அதுதான் பதம். ஸ்டார்ச் பச்சைத் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கத்தான் செய்யும்; 60, 70 டிகிரி சூட்டில்தான் தண்ணீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகிறது. காய்ச்சாத மாவுத் தண்ணீரைத் தெளித்தால் காய்ந்ததும் தூளாக உதிர்வது அதனால்தான். காய்ந்த மாவில் நேராகக் கொதிநீரை ஊற்றினால், கட்டியின் மேல்புறம் வெந்து உள்ளே தண்ணீர் போகாதபடி மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது.

ஜவ்வரிசியென்றால் ஒரு லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி. ஒரு மணி நேரம் ஊறவைத்து, மிதமான தீயில் கிளறியபடி, மணியின் நடுவிலிருக்கும் வெள்ளைப் புள்ளி மறையும்வரை காய்ச்சுங்கள். 15, 20 நிமிடம் ஆகும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக நின்றால் சரி, குழம்பாக ஒட்டினால் வெந்நீர் ஊற்றி இளக்குங்கள்.

எதுவானாலும் மல்மல் துணியில் வடிகட்டாமல் பயன்படுத்த வேண்டாம். ஆறும்போது மேலே ஆடை கட்டும். அதில் ஒரு துணுக்கு துணியில் ஒட்டினாலும் இஸ்திரியில் பழுப்புப் பொட்டாகிவிடும். நம் வெயிலில் கஞ்சி ஒரு நாளுக்கு மேல் வெளியில் தாங்காது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். தண்ணீர் தனியாகப் பிரிந்திருந்தால் சூடாக்கி வடிகட்டிக்கொள்ளலாம்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

முக்குவதும் தெளிப்பதும்

முக்குவதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். உலர்ந்த துணி கஞ்சியை முதலில் தொட்ட இடத்திலேயே மொத்தமாகக் குடித்துவிடும். ஈரத் துணியில் சீராகப் பரவும். கைபொறுக்கும் சூட்டிலுள்ள கஞ்சியில் ஐந்து நிமிடம் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் அந்த முறுக்கின் கோடுகளும் துணியில் பூட்டிக்கொள்ளும்.

உதறி, நீளவாட்டில் நெய்த ஓரங்களான இரண்டு கரைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். கரைகள் சேர்ந்திருக்கும்போது துணி சுருக்கமில்லாமல் தொங்க வேண்டும். குறுக்குச் சுருக்கம் விழுந்தால் நூல் கோணியிருக்கிறது என்று அர்த்தம். குட்டையாகத் தெரியும் மூலைகளைப் பிடித்து ஈரத்தோடேயே இழுத்து நேராக்குங்கள். இதற்கு இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது.

நிழலில் காயப்போடுங்கள். கால் மணி நேரத்தில் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். திருப்பாவிட்டால், கஞ்சி தண்ணீரோடு கீழே இறங்கிச் சேர்வதால் அடியோரம் பலகையாகவும் மேலோரம் தொய்வாகவும் ஆகிவிடும். முழுதும் காயவிடாமல் கையில் குளிர்ச்சி தட்டும் ஈரத்திலேயே எடுத்து இஸ்திரி போடுவது உத்தமம். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் ஒரு மணி நேரம் வைத்தால் ஈரம் சமமாகும். இரவு முழுக்க வெளியில் வைத்தால் புழுங்கிக் கரும்புள்ளி விழும். மறுநாள்தான் முடியுமென்றால் கவரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அரை மீட்டர், கால் மீட்டர் துண்டுகளுக்கு ஸ்ப்ரே போதும். பழைய போர்வையின் மேல் துணியின் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து சீராகத் தெளித்து, மடித்து, ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் துணியில் வெள்ளைப் பொருக்கு வருகிறது என்கிறார்கள். நூலுக்குள் இறங்காத கஞ்சி மேலேயே நின்று சூட்டில் வெந்துவிடுகிறது. கனமாக ஒரு தடவை தெளிப்பதைவிட லேசாக இரண்டு தடவை தெளித்து இஸ்திரி போடுவது மேல். வேலை முடிந்ததும் ஸ்ப்ரே மூக்கில் வெந்நீர் ஓடவிடாவிட்டால் மறுமுறை அடைத்திருக்கும்.

இஸ்திரி

சூட்டைக் காட்டன் அளவுக்கு ஒரு படி கீழே வையுங்கள். ஸ்டார்ச் துணியைவிட முன்னதாகத் தீயும். நீராவியை நிறுத்திவிடுங்கள். கஞ்சியை எந்தக் காரணத்துக்காகவும் இஸ்திரிப் பெட்டியின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்ற வேண்டாம், துளைகள் அடைத்துவிடும். துணியின் உள்பக்கத்தில், பாவு ஓடும் திசையில், பெட்டியை வைத்து எடுத்து வைத்து எடுத்து நகருங்கள். தள்ளித் தேய்த்தால் ஈரத் துணி பெட்டியின் முன்னால் ஓடி, கோணிய நிலையிலேயே காய்ந்துவிடும். கைவாகு காரணமாக மூலைக்கு மூலை இழுத்துத் தேய்ப்பவர்கள் இதில் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சூடாக இருக்கும்வரை துணி இன்னும் வளையும் நிலையில்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் அப்படியே தட்டையாக ஆறவிட்டுத் தூக்குங்கள். பெட்டியின் அடியில் பழுப்பாக ஏதாவது ஒட்டினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பாக ஆறிய நிலையில், சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து ஈரத்துணியால் துடையுங்கள். துணியில் லேசான பழுப்பு ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். தீய்ந்தது கஞ்சி மட்டுமென்றால் துவைத்தால் போய்விடும்.

வெட்டும்போது தெரியும் வித்தியாசம்

இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் அரைச்சதுர முக்கோணங்களை எடுத்துக்கொள்வோம். தைத்து முடிந்தபின் 3 இஞ்ச் சதுரம் வேண்டும். வெளிர் நிறத்தில் ஒன்றும் அழுத்தமான நிறத்தில் ஒன்றுமாக 4 இஞ்ச் சதுரங்கள் வெட்டி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் கால் இஞ்ச் விட்டுத் தைத்து, கோட்டின்மேல் வெட்டினால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று இஞ்சும் ஐந்து அரைக்காலும் (3 5/8) இருக்கும். மூன்றரைக்குச் சீவ ஒரு அரைக்கால் இஞ்ச் மிச்சம்; அந்த மூன்றரையில் சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்குப் போக 3 இஞ்ச் நிற்கும். கோட்டின் பக்கத்தில் போட்ட தையல் முழுக்க கிராஸில் ஓடுகிறது. கஞ்சி போடாத துணியில் பாதம் மேல் துணியைத் தள்ள, கீழே துணியை நகர்த்தும் பல் அடித் துணியை இழுக்க, இரண்டும் வேறு வேறு நீளத்தில் முடியும். அப்படி ஒரு கட்டத்துக்கு ஒரு வீசம் இஞ்ச் (1/16) தவறினால் எட்டுக் கட்டம் கொண்ட வரிசையில் அரை இஞ்ச் தவறும். பக்கத்து வரிசையோடு அதை எப்படி இழுத்துச் சேர்த்தாலும் நடுவில் குமிழ் எழும்பும்.

கஞ்சி போட்ட துணியில் நாலு மடிப்பு வரை அடுக்கி வெட்டலாம், வழுக்காது. அடையாளக் கோடுகளை இஸ்திரிக்குப் பிறகே போடுங்கள்: தண்ணீரில் அழியும் நீல மார்க்கர் கோட்டின்மேல் சூடு பட்டால் நிறம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

மல்மலுக்கு 11ஆம் நம்பர் ஊசி, பாப்ளினுக்கு 14. தையல் நீளம் 2 மி.மீ. அளவில். தையல் தொடங்கும்போது முக்கோணத்தின் கூர் முனையை ஊசித் தகட்டின் துளை விழுங்கிவிடும் தொல்லை கஞ்சியில் பெரிதும் குறையும். இருந்தாலும் முதலில் ஒரு கழிவுத் துண்டில் தைத்து அப்படியே தொடர்வது நல்லது. கஞ்சித் தூள் பாபின் கேஸைச் சுற்றிச் சேரும், ஊசியிலும் பிசுக்காக ஒட்டும். திடீரென்று தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியைத் துடைத்தோ மாற்றியோ பாருங்கள், நூலின் டென்ஷனில் கை வைக்காதீர்கள்.

கஞ்சி உதவாத இடங்கள்

விறைத்த துணி விட்டுக்கொடுக்காது. அதுதான் அதன் பலம், அதுவே அதன் குறையும். சட்டையிலும் பிளவுஸிலும் கையின் மேல் வளைவு கைக்குழியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்த மிச்சத்தை மிருதுவான துணி உள்வாங்கிக்கொள்ளும், கஞ்சித் துணி மடிப்பாக மடங்கி நிற்கும். கொசுவத்துக்கும் அப்படியே. அங்கெல்லாம் லேசான ஸ்ப்ரேக்கு மேல் போகாதீர்கள். மாறாக, கழுத்துப் பைப்பிங்குக்கு வெட்டும் கிராஸ் பட்டிகளுக்குக் கெட்டிக் கஞ்சி அருமையாகப் பொருந்தும். ஒண்ணேகால் இஞ்ச் பட்டி நெடுக ஒரே அகலத்தில் நிற்கும்.

தேரில் தொங்கும் தொம்பைகள்போல் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் வேலைக்கு முழுத் துணியையும் விறைப்பாக்க வேண்டியதில்லை. அட்டையில் வடிவத்தை வெட்டி, துணியை அதைவிடக் கால் இஞ்ச் பெரிதாக வெட்டி, அந்த ஓரத்தில் மட்டும் கெட்டிக் கஞ்சியைச் சின்ன பிரஷ்ஷால் தடவி, அட்டையின்மேல் மடித்து இஸ்திரி முனையால் அழுத்துங்கள். ஆறியதும் அட்டையை உருவிவிடலாம், மடிப்பு அப்படியே நிற்கும்.

குவில்ட் என்பது மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குப் போர்வை. அதன் அடித்துணிக்குக் கெட்டிக் கஞ்சி போட்டால், மெஷினில் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அடியில் மடிப்பு விழுவது குறையும். கைத்தையலில் குவில்ட் செய்வதென்றால் நேர்மாறு: விறைத்த துணியில் ஊசி ஏறாது, விரல்தான் நோகும். துண்டுகளை இணைத்து முடித்ததும் மேல்துணியைக் கழுவிவிடத் தோன்றும். அதுவும் கூடாது, தையல் ஓரங்கள் பிசிறிவிடும். தொடக்கத்திலேயே லேசான கஞ்சியோடு நின்றுகொள்வதுதான் வழி.

ரேயான் கஞ்சியை நன்றாக ஏற்கும், ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும், முக்காமல் தெளியுங்கள். பட்டில் தண்ணீர்த் தடம் விழும். பாலியெஸ்டரில் கஞ்சி நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்று உதிரும். ஷிஃபான், ஜார்ஜெட்டுக்கு ஜெலட்டின் நல்லது: இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம், முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு சூட்டில் கரைத்து, துணியை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காயப்போடுங்கள். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது என்பதால் வேண்டாதவர்கள் தவிர்த்துவிடலாம்.

கஞ்சியை எடுப்பது

தைத்து முடிந்த குவில்ட்டைக் கஞ்சியோடு மடித்து பீரோவில் வைக்காதீர்கள். கரப்பானுக்கும் புத்தகங்களை அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் ஸ்டார்ச் உணவு. கஞ்சியைத் தின்னும்போது துணியும் சேர்ந்து ஓட்டையாகும். மடிப்பு விழுந்த இடத்தில் விறைத்த நூல் ஒடியும், நாளடைவில் மஞ்சளும் ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, சோப்புத்தூளில் மெதுவாகத் துவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். பஞ்சு அடுக்குக்குச் சூடு ஆகாதென்றால் அது தாங்கும் அளவுக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போய்விட்டதா என்று பார்க்க, கடைசி அலசல் தண்ணீரைக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். நீலமாகவோ கருநீலமாகவோ மாறினால் ஸ்டார்ச் இன்னும் இருக்கிறது, இன்னொரு தண்ணீர் அலச வேண்டும். மருந்தின் பழுப்பு நிறமே நின்றால் போதும். துணியில் நேராக விடாதீர்கள், கறையாகும்.

வெட்டாமல் மிஞ்சிய கஞ்சித் துணியை மடிப்பதைவிட அட்டைக் குழாயில் சுருட்டி, காற்றுப் புகாத கவரில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தைக்கப்போவதில்லை என்றால் அதையும் அலசி வைத்துவிட்டு, வேலை தொடங்கும் நாளில் புதிதாகக் கஞ்சி போட்டுக்கொள்ளுங்கள்.